அட்ரிஷன் என்ற சொல்லும் என் கடைவாய்ப் பற்களும்

1

முட்டாள்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு சொன்னால் நீங்களே கண்டுபிடித்ததாக நினைத்துக்கொள்வீர்கள். போன மாதம் ஒரு வாரம் முழுக்க, நான் பல்லில் ஆரம்பித்துக் கீழ்நோக்கித் தேய்ந்துகொண்டிருக்கிறேன் என்று நம்பினேன். பல்லுக்குப் பிறகு தாடை, தாடைக்குப் பிறகு தோள், அப்புறம் இடுப்பு, முட்டி. வருகிற வைகாசியில் திருக்கடையூரில் எனக்கு அறுபதாம் கல்யாணம். அதற்குள் மணையில் என் மனைவி சுமதிக்குப் பக்கத்தில் ஒரு வேட்டியும் மாலையும் மட்டும்தான் மிஞ்சியிருக்கும் என்று கணக்குப் போட்டுவிட்டேன்.

காரணம் ஒரு ஆங்கிலச் சொல்.

நான் இருப்பது கனடாவின் நடுவில், சாஸ்கட்டூன் என்ற ஊரில். நம்மூரில் கண்ணுக்கு எட்டிய மட்டும் நெல் என்றால் இங்கே கோதுமை. வெயில் காலத்தில் பார்த்தால் நீடாமங்கலம் தாண்டியதும் வரும் வெளி மாதிரிதான் இருக்கும், வாய்க்காலும் தென்னையும் இல்லாமல். குளிர்காலத்தில் பார்க்க வேண்டாம். மைனஸ் முப்பதில் வாயைத் திறந்து மூச்சு இழுத்தால் பல் கூசும். எல்லோருக்கும் கூசும். எனக்கு மட்டும் அது கண்ணில் தண்ணீர் வரும் கூச்சமாகிப் போனதால் பல் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டர் அன்று இல்லை. பல் சுத்தம் செய்கிற பெண்மணி என்னைச் சாய்த்துப் போட்டு, கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார். பார்த்தவர் அதே இடத்தை மறுபடியும் பார்த்தார். பல் பார்க்கிறவர்கள் இரண்டு தடவை பார்த்தால் நமக்குப் பயம். பிறகு பக்கத்தில் கணினியில் அடித்துக்கொண்டிருந்த பெண்ணிடம் இரண்டு சொல் சொன்னார். முதல் சொல் 'சிவியர்'. கடுமை என்று புரிந்துவிட்டது. இரண்டாவது 'அட்ரிஷன்'.

"ஐஸ் கட்டி கடிப்பீங்களா?" என்று கேட்டார். அவர் பேசியது ஆங்கிலம்தான், நான் நம்ம பாஷையில் சொல்கிறேன்.

"இல்லை."

"பேனா, பென்சில்? நகம்? கொட்டை, விதை ஏதாவது?"

"எதுவும் இல்லை." நெஞ்சில் கை வைத்துச் சொன்னேன். வாயில் குழாய் இருந்ததால் வேறு எங்கும் கை வைக்க இடமில்லை.

"ராத்திரி தூக்கத்துல பல்லைக் கடிக்கறீங்க போல. மனசுல ஏதாவது பாரம் இருக்கா?"

வாயைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மனிதன் இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது? "ஆங்" என்றேன். அதை அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். அடுத்த வாரம் டாக்டர் பார்ப்பார் என்று சொல்லி, மனப்பாரம் பற்றிய ஒரு வண்ணத்தாளைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்.

2

எனக்கு அந்தச் சொல் தெரியாது என்றில்லை. அதுதான் வினை. தெரியாமல் இருந்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

நான் வேலை பார்ப்பது உழவு இயந்திரங்களின் உதிரிபாகக் கடையில். தேய்மானம்தான் எங்கள் பிழைப்பு. பெல்ட் தேயும், பேரிங் தேயும், அறுவடை மிஷினின் கத்தி தேயும். இதற்கெல்லாம் கடையில் சொல்கிற ஆங்கிலச் சொல் வேறு, சின்னச் சொல். 'அட்ரிஷன்' கடையில் வராது, மாடியில் மேனேஜர் அறையில்தான் வரும். அவர் வாயில் அது வந்த மாதம் நான்கு பேர் வேலையை விட்டுப் போயிருப்பார்கள், அந்த நாற்காலிகளுக்கு வேறு ஆட்கள் வரமாட்டார்கள். போர் பற்றிய படங்களிலும் கேட்டிருக்கிறேன்: இரண்டு பக்கமும் பள்ளத்தில் உட்கார்ந்துகொண்டு, எவன் முதலில் தேய்ந்து தீருகிறான் என்று பார்ப்பது.

என்னிடம் ஒருத்தர் தேய்ந்த பேரிங்கைக் கொண்டுவந்து காட்டினால் நான் என்ன சொல்வேன்? "இது போச்சு சார், தூக்கிப் போடுங்க" என்பேன். முப்பது வருஷமாக அப்படிச் சொல்லிச் சொல்லியே சம்பளம் வாங்கியவன், அன்று காரில் உட்கார்ந்து கண்ணாடியில் என் பல்லைப் பார்த்தேன். தட்டையாக, வழவழவென்று, அம்மிக்கல் மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்தேன். சுமதி வேலையிலிருந்து இன்னும் வரவில்லை. பயம் வந்தால் எனக்குக் கால் அடுப்படிக்குத்தான் போகும். அரிசி டின்னைத் திறந்தேன், கொஞ்சம் அள்ளி வாயில் போட்டுக்கொண்டேன், மேசையில் உட்கார்ந்து அகராதியைத் தேடினேன்.

நோயைப் பற்றித் தேடியிருக்க வேண்டியவன் சொல்லைப் பற்றித் தேடினேன். நோயைத் தேடத் தைரியமில்லை. சொல் என்றால் கடிக்காது.

லத்தீனிலிருந்து வந்ததாம். மூலச்சொல்லுக்கு உரசுவது, தேய்ப்பது என்று பொருள். இதுவரை பரவாயில்லை. ரோமானியர்கள் அதே சொல்லைக் களத்தில் கதிரைத் தேய்த்து மணி பிரிப்பதற்கும் சொன்னார்களாம். கதிர் மேல் பலகையை இழுத்து மணி உதிர்ப்பார்களாம். அந்தப் பலகையின் பெயரிலிருந்துதான் துன்பத்துக்கு ஆங்கிலத்தில் இருக்கிற ஒரு பெரிய சொல்லும் வந்ததாம். அடப்பாவிகளா, உங்கள் துன்பமும் களத்துமேட்டிலிருந்துதான் வந்ததா என்று கொஞ்சம் நெருக்கமாகக்கூட இருந்தது. போரடிக்கிற களத்தில் மாடு சுற்றிவருவதைப் பார்த்தவனுக்கு அந்தப் பலகை தெரியாதா?

அதோடு மூடியிருக்க வேண்டும். அடுத்த வரியையும் படித்தேன். பழைய காலப் பாதிரியார்கள் இந்தச் சொல்லை மனந்திருந்துவதற்கும் வைத்திருந்தார்களாம். எல்லாத் திருந்தலுக்கும் இல்லை. கடவுள் மேல் உள்ள அன்பால் திருந்தினால் அதற்கு வேறு சொல். நரகத்துக்குப் பயந்து திருந்தினால் அதற்குத்தான் இது.

அந்த இடத்தில் என் வாய் மெல்லுவதை நிறுத்திவிட்டது.

3

அந்த வாரம் நான் செய்த நல்ல காரியங்கள் அத்தனையும் அந்தப் பாதிரியார் கணக்கில்தான் சேரும். சுமதியிடம் காப்பிக்குச் சர்க்கரை குறைவு என்று சொல்லவில்லை. குப்பைத்தொட்டியைக் கேட்காமலே வெளியே வைத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் வாசல் பனியையும் சேர்த்துத் தள்ளினேன். அவர் ஜன்னல் வழியாகச் சந்தேகமாகப் பார்த்தார்.

காப்பீட்டுக் கம்பெனிக்கும் போன் செய்தேன். பெரிய டாக்டரிடம் அனுப்பினால் செலவு யாருடையது என்று முன்கூட்டியே கேட்க வேண்டுமாம். இசை கேட்டேன். எண்ணை அழுத்தச் சொன்னார்கள். விபத்து என்றால் ஒன்று, வேலையிடத்துக் காயம் என்றால் இரண்டு, நோய் என்றால் மூன்று. தேய்ந்துகொண்டிருப்பவனுக்கு எண் இல்லை. எதுவும் அழுத்தாமல் இருந்தேன். "உங்கள் பதில் கிடைக்கவில்லை" என்று அந்தக் குரல் மிகவும் அன்பாகச் சொல்லி வைத்துவிட்டது.

வண்ணத்தாள் மேசை மேலேயே கிடந்தது. வெளியே சொல்லாத துக்கம்தான் இரவில் பல்லை அரைக்கிறது என்று அதில் போட்டிருந்தது. சரி, எது அந்தத் துக்கம் என்று தேட ஆரம்பித்தேன். தேடினால் கிடைக்காமலா போகும்? அப்பா போனபோது எனக்கு விமானம் கிடைத்தது, நேரம் கிடைக்கவில்லை. அவரை எடுத்த பிறகு, பன்னீர் தெளித்த தரையைத்தான் பார்த்தேன். மகள் கயல் வான்கூவருக்குப் போனதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் பேசுகிறாள். இந்த ஊரில் முப்பது வருஷமாகியும் கடையில் யாராவது நகைச்சுவை சொன்னால் நான் அரை நொடி தாமதமாகத்தான் சிரிக்கிறேன். ஒவ்வொன்றாக எடுத்து, இதுதானா, இதுதானா என்று பல்லில் வைத்துப் பார்த்தேன். எல்லாமே பொருந்துவது போலத்தான் இருந்தது.

கடைசியில் சுமதியிடம் சொல்லிவிட்டேன்.

"தூக்கத்துல பல்லைக் கடிக்கறேனாம். மனப்பாரமாம்."

சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டிருந்தவள் நிமிரவே இல்லை. "யாரு, நீங்களா? பல்லைக் கடிக்கணும்னா மேல் தாடையும் கீழ் தாடையும் சேரணும்ல? நீங்க தூங்கினா மதகு தொறந்த மாதிரில்ல கெடக்கு வாய்?"

"விளையாடாத சுமதி. அட்ரிஷன்னு எழுதியிருக்காங்க."

"எழுதட்டும். மொதல்ல அந்தக் கோட்டுப் பையக் காலி பண்ணிட்டு மிஷின்ல போடுங்க. போன தடவ தொவைக்கறப்ப உள்ள பூராவும் ஒரே அரிசி."

பாருங்கள், உயிர் போகிற நேரத்தில் இவளுக்குத் துணி துவைக்கிற மிஷின் பற்றிக் கவலை என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கயலிடமும் சொன்னேன். இங்கே பிறந்த பிள்ளை. அவளுடைய தமிழ் வெயிலில் போட்ட குல்பி மாதிரி, இருக்கும், ஆனால் உருகுவதற்குள் பேசி முடித்துவிட வேண்டும்.

"தேஞ்சு போச்சுன்னா... ஷூ மாதிரியாப்பா?"

"ஆமாம்மா."

"ஓ." கொஞ்சம் யோசித்தாள். "யாருகிட்டயாவது பேசறீங்களாப்பா? அதுக்குன்னு ஆளுங்க இருக்காங்க."

"உன்கிட்டதாம்மா பேசிக்கிட்டிருக்கேன்."

அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று வைத்துவிட்டாள். சிறு வயதில் தினமும் காலையில் "பல் தேச்சியா?" என்று துரத்தித் துரத்திக் கேட்டது ஞாபகம் வந்தது. அப்போது தேய்த்தால் பெருமை. இப்போது தேய்ந்தால் இப்படி.

4

மறுநாள் மாலை அண்ணனுக்கு வீடியோவில் கூப்பிட்டேன். இங்கே இருட்டினால் அங்கே விடியும். அண்ணன் ஊரிலேயே இருந்து நிலத்தைப் பார்ப்பவர். திருக்கடையூர் மண்டபம், குருக்கள், சாப்பாடு எல்லாம் அவர் பொறுப்பு. சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் வாயாலேயே சொல்லியாகிவிட்டது.

அவர் மன்னார்குடி ரோட்டில் நின்றுகொண்டிருந்தார். சம்பா அறுத்த நெல், பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு கிடந்தது. பருவம் தப்பி இரண்டு நாள் மழை பெய்து அப்போதுதான் விட்டிருக்கிறது. ஆட்கள் தார்ப்பாயை உருவிக்கொண்டிருந்தார்கள்.

"என்னடா தம்பி, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"ஒண்ணுமில்லண்ணே. நெல்லு எப்படி?"

"இன்னிக்கி வெயிலு காஞ்சா சாயங்காலம் கொள்முதலுக்கு ஏத்திடலாம். இரு." குனிந்து நான்கைந்து மணியை எடுத்து, ஒன்றைக் கடைவாயில் வைத்துக் கடித்தார். சத்தம் வரவில்லை. துப்பினார். "ம்ஹூம். நசுங்குது. இன்னும் ஈரம்."

காய்ந்த நெல் கடித்தால் டக்கென்று உடையும். ஈர நெல் மசிந்து பல்லோடு ஒட்டும். எங்கள் பக்கத்தில் பேசத் தெரிவதற்கு முன் இது தெரியும். கொள்முதல் நிலையத்தில் ஈரம் பார்க்க மிஷின் இருக்கிறது. அது சொல்வதுதான் முடிவு. ஆனாலும் மிஷினிடம் போவதற்கு முன் வீட்டில் எல்லோரும் கடித்துப் பார்த்துவிட்டுத்தான் மூட்டை பிடிப்பார்கள். அப்பா களத்தில் நிற்கும்போதெல்லாம் வாய் அசைந்துகொண்டே இருக்கும். "என்னப்பா திங்கிறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன். "திங்கலடா, பாக்குறேன்" என்றார். நாங்களும் பார்த்தோம். நெல் வீட்டுக்கு வந்து அரிசியான பிறகும் பார்த்தோம். பள்ளிக்கூடத்துக்கு அரைக்கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்ப் பார்த்தோம். அரிசி தின்றால் கல்யாணத்தன்று மழை கொட்டும் என்று அம்மா மிரட்டுவாள். என் கல்யாணத்தில் பந்தல் சரிந்து, சாம்பாரில் மழைத்தண்ணீர் விழுந்தது. அதற்காக யாராவது திருந்துவார்களா?

இவ்வளவும் விரிவாக எழுதுகிறவனுக்கு அன்று ஏன் உறைக்கவில்லை என்று நீங்கள் கேட்பது இங்கே கேட்கிறது. உறைக்கவில்லை. அவ்வளவுதான்.

"அண்ணே, மண்டபத்த வேணாம்னு சொல்லிடுங்க."

"ஏன்டா?"

"ஒடம்பு சரியில்ல. நான் வைகாசி வரைக்கும் இருப்பேனான்னு..."

அண்ணன் இன்னொரு மணியைக் கடித்தார். அதுவும் நசுங்கியது போலிருக்கிறது. "என்ன ஒடம்புக்கு?"

"பல்லு தேயுதுண்ணே."

நெல் கிண்டிக்கொண்டிருந்த ஆள் ஒருத்தர் திரும்பிப் பார்த்தார். அண்ணன் சிரிக்கவில்லை. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது. என்னைப் பார்த்துச் சிரிக்காத அண்ணனை நான் அறுபது வருஷத்தில் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். "சரி, டாக்டர் என்ன சொல்றாருன்னு கேளு. கேட்டுட்டுப் பேசு" என்றார். வானத்தை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார், போனை வைத்துவிட்டார்.

5

டாக்டரைப் பார்க்கிற நாளில் கால் மணி நேரம் முன்னாலேயே போய் உட்கார்ந்துவிட்டேன். எதிரே மீன் தொட்டி. அதில் ஒரு மீன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. எல்லாப் பல்லையும் பிடுங்கச் சொல்வார்களோ? பொக்கை வாயோடு மாலை போட்டு உட்கார்ந்தால் குருக்கள் என்னை மாப்பிள்ளையின் அப்பா என்று நினைத்து, மாப்பிள்ளையைக் கூப்பிடுங்க என்பாரோ? கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு யோசித்தேன். யோசித்துக்கொண்டே இருந்தேன். பெயரைக் கூப்பிட்டார்கள்.

டாக்டர் ஐம்பதை நெருங்குகிற பெண்மணி, பெரிய கைகள். நாற்காலியைச் சாய்த்து, விளக்கை இழுத்து, வாயைத் திறக்கச் சொன்னார். மதகு திறந்தது. உள்ளே பார்த்தவர் அப்படியே நின்றார். கொக்கி மாதிரி இருந்த ஒன்றை உள்ளே விட்டு, கடைவாயின் ஓரத்திலிருந்து எதையோ எடுத்து, வெள்ளைத் துணியில் வைத்து விளக்கடியில் காட்டினார்.

"இது என்ன?"

எழுந்து உட்கார்ந்து பார்த்தேன். "அரிசி."

"வேகாத அரிசியா?"

"ஆமா."

"எப்ப சாப்பிட்டீங்க?"

"சாப்பிடவே இல்லையே டாக்டர்!"

பொய் இல்லை. சத்தியமாக, மனசார, தாய் மேல் ஆணையாக நான் ஒன்றும் சாப்பிடவில்லை. ஐஸ் கடிப்பீர்களா, கொட்டை கடிப்பீர்களா என்று போன வாரம் கேட்டபோதும் பொய் சொல்லவில்லை. மூச்சு விடுவீர்களா என்று கேட்டால் அதைப் பழக்கம் என்று யாராவது சொல்வார்களா? அரிசியை வாயில் போட்டுக்கொள்வது எங்கள் பக்கத்தில் ஒரு செயலே இல்லை. அது சும்மா இருப்பதில் ஒரு வகை.

டாக்டர் என் கோட்டைப் பார்த்தார். நான் பைக்குள் கையை விட்டு, எடுத்து, அவர் முன்னால் விரித்தேன். ஒரு பிடி புழுங்கலரிசி. நடுவில் ஒரு பஸ் டிக்கெட்.

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து பல் சுத்தம் செய்கிற பெண்மணி எட்டிப் பார்த்தார்.

"எங்கப்பா!" என்றார் டாக்டர். "எங்கப்பா பல்லு அச்சு அசல் இதுதான். கோதுமை. அறுப்பு வந்தா சட்டைப் பை பூரா கோதுமை. வயல்ல நின்னு கடிச்சுப் பாத்து, காஞ்சிருக்கு, மிஷினை எடுன்னுவார். ஈரம் பாக்கற கருவி வாங்கிக் குடுத்தோம். அதுல பாத்துட்டு, திரும்ப ஒரு மணியக் கடிச்சுப் பாப்பார். கருவி சரியா சொல்லுதான்னு. அப்புறம் வருஷம் பூரா அதே வேலை, டிவி முன்னாடியும். அம்மா திட்டினா, 'நான் திங்கல, வேலை பாக்கறேன்'னுவார்."

களத்தில் அப்பாவின் வாய் அசைவது தெரிந்தது. நாலு கோட்டு மாட்டிக்கொள்ள வைக்கும் குளிரில், ஒரு லத்தீன் சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் சுற்றியவன், கடைசியில் ஒரு கோதுமைக்காரர் மகளிடம் வந்து சேர்ந்திருக்கிறேன்.

"அப்ப எனக்கு மனப்பாரம்?"

"இருந்தா இருக்கட்டும். பல்லுல இல்ல." விளக்கை மறுபடி இழுத்தார். "இன்னொண்ணு, அட்ரிஷன்னு சொன்னதும் சரியில்ல. பல்லும் பல்லும் உரசித் தேஞ்சாத்தான் அந்தப் பேர். வெளிப் பொருள் உரசித் தேஞ்சா வேற பேரு."

அந்த வேறு பெயரையும் சொன்னார். நான் கேட்டுக்கொள்ளவில்லை. இன்னொரு சொல்லுக்கு ஒதுக்க என்னிடம் இன்னொரு வாரம் கிடையாது.

6

காரில் உட்கார்ந்து சுமதிக்குச் சொன்னேன். "நான் மிஷின்ல பாத்து அப்பவே சொன்னேன்ல?" என்றாள். பிறகு, "வைகாசியிலயும் மழைதான் அப்ப. பந்தலுக்குத் தகரம் போடச் சொல்லுங்க" என்றாள். குரல் லேசாகக் கரகரத்தது. இத்தனை நாள் தன் பயத்தை எனக்குக் காட்டாமல் அவளும் உள்ளுக்குள் ஏதோ மென்றுகொண்டுதான் இருந்திருக்கிறாள்.

அண்ணனைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, மண்டபத்த வேணாம்னு சொல்லிட்டீங்களா?"

"ஒன் பேச்ச நான் என்னிக்கிடா கேட்டிருக்கேன்?"

அரிசிக் கதையைச் சொன்னேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டது என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, போனைத் தூரப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். இருமலும் சிரிப்புமாகத் திரும்பி வந்து, நெல்லைக் கரையேற்றிவிட்டதாகச் சொன்னார். பிறகு, "ஏன்டா, என் பல்லும் அப்படித்தான் இருக்கு. நான் டாக்டர்கிட்டயே போகல பாரு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்காமல் கயலைக் கூப்பிட்டேன். புதன்கிழமையில் என் பெயரைப் பார்த்து அவள் பதறிவிட்டாள். சொல்லி முடித்ததும், "அப்பா, கார்ல போறப்ப நீங்கதான எனக்குக் குடுப்பீங்க? ஸ்நாக்ஸ்னு சொல்லி?" என்றாள்.

"நானா? ஞாபகமே இல்லம்மா."

"எனக்கு இருக்கு." பாத்திரம் நகரும் ஓசை. பிறகு அந்தப் பக்கத்திலிருந்து, தெளிவாக, டக்.

"கயல், என்ன அது?"

"ஒண்ணுமில்லப்பா, சும்மா" என்றாள். "நல்லாத்தான் காஞ்சிருக்கு."

தேடி எடுத்த துக்கங்களை எல்லாம் அதனதன் இடத்தில் திரும்ப வைத்துவிட்டேன். அவை எங்கும் போகவில்லை, பத்திரமாகத்தான் இருக்கின்றன. என் பல் பாவம், அவற்றைத் தொட்டதே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் வாசல் பனியை இப்போது அவரே தள்ளிக்கொள்கிறார். காப்பியில் சர்க்கரை குறைவு என்று நேற்றுச் சொல்லிவிட்டேன்.

நடந்தது இதுதான். சின்ன வயதிலிருந்து அரிசி மென்றேன். பல் தேய்ந்தது. நான்கு பல்லுக்கு அடைத்தார்கள். வலிக்கவில்லை.